குதிரையின் மூக்கில் ஒளிந்திருக்கும் கொலையாளி

துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக் 1998இல் எழுதி வெளியிட்ட நாவலை, ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் 'என் பெயர் சிவப்பு' என்ற தலைப்பில் 2009இல் காலச்சுவடு பதிப்பகம் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1591ஆம் ஆண்டின் இஸ்தான்புல் நகரில், மூன்றாம் முராத் சுல்தானுக்காக நூல் அலங்கரித்துவந்த ஓவியர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிணற்றில் வீசப்படுவதில் தொடங்கும் இக்கதை, துப்பறியும் கதையின் விறுவிறுப்பை மட்டும் நாடிவரும் வாசகரைத் தொடக்க அத்தியாயங்களிலேயே திணறவைத்துவிடுகிறது. இதன் 59 அத்தியாயங்களில் கிணற்றடியில் கிடக்கும் பிணம், நாய், மரம், நாணயம், சிவப்பு வண்ணம் என ஒவ்வொன்றும் தன் கதையைத் தானே சொல்கிறது; கொலையாளியோ, கொலைகாரனாக ஒரு குரலிலும் பட்டறையில் வழங்கும் தன் பட்டப்பெயரில் மற்றொரு குரலிலும் பேசுகிறான்.

நுண்ணோவியம் என்பது கையெழுத்துப் பிரதிகளின் பக்கங்களில், கதைக்குத் துணையாக, மிக நுட்பமான தூரிகையால் தீட்டப்படும் சிறு ஓவியம். பாரசீகத்தின் ஹெராத் நகர ஆசான்களைப் பின்பற்றிய பட்டறைத் தலைவர் ஒஸ்மான், கண்ணுக்குத் தெரிவதை அன்றி இறைவன் காணும் உலகையே ஓவியன் வரைய வேண்டும் என்றும், ஒருவனுக்கே உரிய தனிப் பாணி என்பது உண்மையில் ஒரு குறையே என்றும் நம்புகிறார். வெனிஸ் நகரத்து ஓவியர்களோ, தெருவில் கண்டால் அடையாளம் சொல்லிவிடும்படி மனித முகத்தைத் தீட்டுகிறார்கள். இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடையிலேயே கொலை நிகழ்கிறது. இறந்தவரிடம் கிடைத்த தாளில் ஒரு குதிரை வரையப்பட்டிருக்க, அதன் மூக்குத்துளை கீறப்பட்டதுபோல் இருப்பதைக் கண்ட ஒஸ்மான், சுல்தானின் கருவூலத்தில் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, குதிரை எளிதில் மூச்சுவிடுவதற்காக அதன் மூக்கைக் கீறிவிடும் மங்கோலியர் வழக்கத்தைக் கண்டடைகிறார். தன்னை மறைத்துக்கொள்ள முயன்ற கை, மறந்துபோன ஒரு கோட்டில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒஸ்மான் ஓவியத்தில் செய்வதையே வாசகர் சொற்களில் செய்ய வேண்டியிருக்கிறது. நாவலின் கடினமும் மேன்மையும் இதில்தான் உள்ளன.

தமிழ் வாசகருக்கு இத்தகைய வாசிப்பு முற்றிலும் புதிதன்று. 1940களில் 'கல்கி' இதழில் தொடராக வந்த, எழுத்தாளர் கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தில், அஜந்தாவின் அழியா வண்ண ரகசியத்தை அறியத் துடிக்கும் ஆயனச் சிற்பியின் ஆசையே உளவுக் கதையின் திரியாக அமைந்திருக்கிறது. ஆயினும் கல்கி வாசகரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல, பாமுக் பாதி வழியில் விட்டுவிட்டு விலகி நிற்கிறார்.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்திலுள்ள மஸ்ஜித் தானா வட்டாரத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வாழும் தமிழருக்கு, பாணிகள் ஒன்றோடொன்று கலக்கலாமா என்ற இந்நாவலின் கேள்வி மிக அருகிலேயே நிற்கிறது. மலாய் மொழியில் 'மண் பள்ளிவாசல்' என்று பொருள்படும் பெயர் கொண்ட இவ்வூரிலிருந்து மலாக்கா நகருக்குச் சென்றால், இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலைக் காணலாம். சுமத்ரா மரபிலான அடுக்குக் கூரை, சீனக் கோபுரத்தை ஒத்த மினாரா, ஐரோப்பிய மெருகோடுகள் எல்லாம் அங்கே ஒன்றாக அமைந்திருக்கின்றன. இஸ்தான்புல் ஓவியர்கள் பாணிக் கலப்பை எண்ணி அஞ்சிய அதே 1591இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கைக்கு வந்து 80 ஆண்டுகள் ஆகியிருந்தன. கலப்பு என்பது கலையின் அழிவா என்ற ஓவியர்களின் அச்சத்துக்கு அப்பள்ளிவாசல் அழகானதொரு மறுமொழி.

முடிவை முன்கூட்டிப் புரட்டிப் பார்க்காமல், ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயமாக இந்நாவலை வாசியுங்கள். வாசித்து முடித்தபின், கொலைகாரன் பேசும் அத்தியாயங்களையும் ஒஸ்மானின் பட்டறை ஓவியர்கள் மூவர் தம் பட்டப்பெயர்களில் பேசும் அத்தியாயங்களையும் அருகருகே வைத்து மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.