துணிப் பொம்மையும் இரு திருவசனங்களும்

 

"வீடியோ கேம் விளையாடலாமா, கூடாதா?" என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிடுவது எளிது. ஆனால், அந்த ஒரு வார்த்தை பிள்ளையை வழிநடத்தப் போதாது. ஆகவே ஒரு விளையாட்டை எடுத்து, அதில் நன்மை எது, கவனிக்க வேண்டியது எது என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் கில்போர்ட் நகரில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மீடியா மொலிக்கியூல் என்ற சிறு நிறுவனம், சோனியின் பிளேஸ்டேஷன் 3 இயந்திரத்துக்காக உருவாக்கியதே 'லிட்டில் பிக் பிளானட்'. 2008இல் வெளிவந்தது. இதன் நாயகன் சாக்பாய், நூலால் பின்னிய சின்னஞ்சிறு பொம்மை. ஓடுவான், பாய்வான், பஞ்சுக் கட்டிகளைப் பிடித்து இழுப்பான். வழியில் வரும் தடைகளைப் பிள்ளை யோசித்துத்தான் தாண்ட வேண்டும். நால்வர் வரை சேர்ந்து விளையாடலாம். சில இடங்களை ஒருவர் தனியே கடக்க முடியாது, இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்.

இதன் சிறப்பு வேறொன்று. மரம், கல், உலோகம், கடதாசி அட்டை, கயிறு, ஆணி, மோட்டார் யாவும் பிள்ளையின் கைக்குக் கொடுக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டு அது தானே ஒரு புதிய கட்டத்தை அமைக்கலாம். பாரமான கல்லை மெல்லிய பாலத்தில் வைத்தால் பாலம் சரியும், சக்கரத்தைக் கோணலாகப் பூட்டினால் வண்டி கவிழும். பிழையைத் தேடித் திருத்தியே ஆக வேண்டும். இப்படி உலகெங்கும் விளையாடியோர் அமைத்துப் பகிர்ந்த கட்டங்கள் 2009ஆம் ஆண்டிலேயே 10 இலட்சத்தைத் தாண்டின.

பொம்மை விளையாட்டு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே, துணித் துண்டுகளால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிள்ளையின் கற்பனையை அவர்கள் நெரிக்கவில்லை. அருகில் வந்து கேட்டார்கள்.

இனி, கவனிக்க வேண்டியதைப் பார்ப்போம்.

2008 ஒக்டோபரில் இந்த விளையாட்டு கடைகளுக்கு வரவிருந்த வேளை, முஸ்லிம் ஒருவர் அதை விளையாடிக் கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் பின்னணியாக ஒலித்த பாடலில் பழகிய சொற்கள் காதில் விழுந்தன. கூர்ந்து கேட்டார். அவை அல்குர்ஆன் வசனங்கள்! எந்த ஆத்மாவும் மரணத்தைச் சுவைத்தே தீரும் என நினைவூட்டும், ஆலு இம்ரானிலும் வேறிரு ஸூராக்களிலும் வரும் சொற்கள் ஒன்று. பூமியின் மீதுள்ள யாவும் அழியக்கூடியவை என அறிவிக்கும் அர்ரஹ்மானின் 26ஆம் வசனம் மற்றொன்று.

அவர் வசை பாடவில்லை. இறைவசனத்தை இசையோடு கலப்பது முஸ்லிம்களின் மனத்தைப் புண்படுத்தும் என விளக்கி, அதை நீக்கும்படி நிறுவனத்துக்கு எழுதினார். சோனி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விநியோகித்த இறுவட்டுக்களைத் திரும்பப் பெற்று, வெளியீட்டைப் பின்போட்டது. பாடலின் சொற்களை நீக்கி, இசையை மட்டும் வைத்து வெளியிட்டது. கண்ணியமாக எடுத்துச் சொன்னதால் விளைந்த பலன் இது!

அப்பாடலைத் தந்தவரும் ஒரு முஸ்லிமே. மாலி நாட்டில் 21 தந்திகள் கொண்ட கோரா வாத்தியத்தில் பெயர் பெற்ற தூமானி ஜபாதே. தம் நாட்டில் மக்களை மார்க்கத்தின்பால் ஈர்க்க இசையைப் பயன்படுத்துவது வழமை என்றார். அக்கருத்தை நாம் ஏற்கவில்லை. அல்லாஹ்வின் வசனத்துக்குரிய இடம் விளையாட்டின் பின்னணி இசையல்ல. எனினும், அவர் எள்ளி நகையாட எண்ணினார் என்று தீர்ப்பளிக்கவும் நமக்கு உரிமையில்லை. 2024இல் அவர் மறைந்தார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக.

தாய்மார்களே! அந்த விளையாட்டின் முன் உங்கள் பிள்ளை அமர்ந்திருந்தால், அச்சொற்களை அதன் காது கண்டுகொண்டிருக்குமா? குர்ஆன் மத்ரஸாவில் நாள்தோறும் ஓதும் பிள்ளைதான். பொருள் தெரிந்து ஓதுகிறதா? என்னைப் போன்ற ஆசிரியர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இன்னொன்றும் கேளுங்கள். 2021 செப்டெம்பரில் பிளேஸ்டேஷன் 3க்கான இணையச் சேவை மூடப்பட்டது. மூன்றாம் பாகத்தின் பிளேஸ்டேஷன் 4 சேவையும் காலவரையறையின்றி நிறுத்தப்படுவதாக 2024இல் அறிவித்தார்கள். பிள்ளைகள் இரவு பகலாக அமைத்துப் பகிர்ந்த கட்டங்களுக்கான வாசல் அடைபட்டது. பாடலிலிருந்து நீக்கப்பட்ட அர்ரஹ்மான் வசனம் சொன்னதும் இதைத்தானே!

ஆகவே மூன்று விடயங்கள். முதலாவது, வாங்கும் முன் விசாரியுங்கள். அதே பொம்மையை வைத்து 2020இல் வந்த புதிய விளையாட்டில், கட்டங்களை அமைக்கும் கருவிகள் இல்லை. இரண்டாவது, நேரத்தை வரையறுங்கள். பாங்கு கேட்டதும் கருவி அணைய வேண்டும். மூன்றாவதே முக்கியமானது. அடுப்படி வேலை காத்திருக்கட்டும், கால் மணி நேரமாவது அருகில் அமருங்கள். "மகன், இந்தப் பாலம் ஏன் விழுந்தது?" என்று கேளுங்கள். பின்னணியில் ஒலிப்பதையும் கேளுங்கள். கேள்வி கேட்கும் உம்மாவிடமே பிள்ளை நல்லதையும் கெட்டதையும் கொண்டுவந்து சொல்லும்.

நம் பிள்ளைகளின் செவிகளுக்கும் கைகளுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.