நீலத் தடத்தில் இறங்கும் முன்

நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரை ஒட்டி ஃபாக்காரேவாரேவா காடு. நெடுநெடுவென வளர்ந்த ரெட்வுட் மரங்களுக்கு நடுவே, மலை சைக்கிள் ஓட்டுவதற்கென்றே வெட்டிய தடங்கள் வளைந்து வளைந்து போகின்றன. தடம் தொடங்குமிடத்தில் ஒரு பலகை இருக்கும். குடும்பத்தோடு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுவது நல்லது.

அந்த நாட்டில் தடங்களுக்கு 1 முதல் 6 வரை தரம் உண்டு. 1 என்றால் அகலமான, ஏறக்குறையச் சமமான பாதை. 2 பச்சை, எளிது. 3 நீலம், ஓரளவு பழகியவர்களுக்கு. 4 கறுப்பு, குறுகலும் செங்குத்துமாக இருக்கும், விழுந்தால் அடி பலம். அதற்கு மேல் உள்ளவற்றைப் பற்றிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிறங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. சுவிட்சர்லாந்தின் சைக்கிள் பூங்காக்களில் நீலம்தான் எளிய தடம். அடுத்தது சிவப்பு, பிறகு கறுப்பு. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு படிகள். நியூசிலாந்தில் சிவப்பு என்ற இடைப்படியே கிடையாது. நீலத்தைத் தாண்டினால் நேரே கறுப்பு. "போன வருஷம் ஆல்ப்ஸ்ல பையன் நீலத்துல ஜோரா ஓட்டினானே" என்ற கணக்கு இங்கே பலிக்காது.

வீட்டில் யார் அதிகம் தயங்குகிறாரோ, அவரை வைத்துத்தான் தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தெற்குத் தீவில் உள்ள ஒட்டாகோ சென்ட்ரல் ரெயில் டிரெயிலுக்கு இணை சொல்வது கடினம். கைவிடப்பட்ட ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி 2000இல் திறந்தார்கள். நீளம் 152 கி.மீ. அந்தக் காலத்து நீராவி இன்ஜினே மூச்சு வாங்காமல் ஏறிய சரிவு என்பதால் பிள்ளைகளின் காலுக்கும் அது பெரிய பாரமில்லை. வழியில் சுரங்கங்கள் வரும், உள்ளே கும்மிருட்டு. டார்ச் மறக்கக் கூடாது.

சில தடங்களில் சைக்கிளுக்குப் பருவத் தடை உண்டு. ஹீஃபி தடத்தில் மே 1 முதல் நவம்பர் 30 வரைதான் சைக்கிளுக்கு அனுமதி. நம் பள்ளிகளின் மே விடுமுறைக்கு அது பொருந்தி வந்தாலும், அங்கே அப்போது குளிர்காலம் தொடங்கும் நேரம். சின்னப் பிள்ளைகளுக்கான தடமும் அல்ல. குயின் சார்லட் தடத்தின் ஒரு பகுதியில் டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய சைக்கிள் கூடாது.

சரி, விழுந்து கை ஒடிந்தால்? நியூசிலாந்தின் நடைமுறை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. 1974 முதல் அங்கே ஏசிசி என்ற அரசு விபத்துக் காப்பீடு இருக்கிறது. தவறு யாருடையது என்று அது கேட்பதில்லை. சுற்றுலாப் பயணிக்கும் விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவில் பங்கு தருகிறது. சிகிச்சை தரும் மருத்துவரே விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார். முடிவு திருப்தி தராவிட்டால், மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை கோரலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு: காயத்துக்கு நஷ்டஈடு கேட்டுத் தட நிர்வாகத்தின் மீதோ, மோதியவர் மீதோ வழக்குப் போடப் பெரும்பாலும் வழியில்லை. காய்ச்சல், நெஞ்சுவலி போன்ற நோய்களுக்கு ஏசிசி பொறுப்பேற்காது. ஊர் திரும்பும் விமானச் செலவும் இழந்த சம்பளமும் நம் தலையில்தான்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் பயணக் காப்பீடு. ஆனால் பல பாலிசிகள் சாகச விளையாட்டை விலக்கிவைக்கின்றன, அல்லது கூடுதல் பிரீமியம் கேட்கின்றன. மலை சைக்கிள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதை ஏஜென்ட்டிடம் வாயால் கேட்டால் போதாது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னால் கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

நியூசிலாந்தின் சைக்கிள் வாடகைக் கடையில் நீட்டும் தாளில் "எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதியிருக்கலாம். கையெழுத்துப் போட்டதாலேயே எல்லா உரிமையும் போய்விடாது. அந்நாட்டின் 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் தரும் பாதுகாப்பைச் சாதாரண வாடிக்கையாளரிடமிருந்து கடைக்காரர் எழுதி வாங்கிவிட முடியாது. பழுதான சைக்கிளுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தகராறு முற்றினால், வக்கீல்கள் வாதாடாத தகராறு தீர்ப்பாயம் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு இதற்கெல்லாம் அலைய முடியாது என்பதுதான் நடைமுறை உண்மை. ஆகவே சைக்கிளை எடுக்கும்போதே படம் எடுத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, எந்தக் கைப்பிடி முன்சக்கரத்துக்கு என்று பிள்ளைக்குக் காட்டிவிட வேண்டும்.

கடைசியாக, ஷூ. சேறு ஒட்டிய காலணியும் சைக்கிளும் அந்நாட்டு உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஆகாது. கழுவித் துடைத்துக் கொண்டுபோவதோடு, விமான நிலையத்தில் அவற்றைப் படிவத்தில் அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.