மறதிக்குத் துணை: அன்று தெரு, இன்று கருவி

முன்பெல்லாம் வீட்டுப் பெரியவருக்கு நினைவு தடுமாறினால், “வயசாச்சு, அப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதை ஒரு நோயாக யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அவரைச் சுற்றி ஓர் ஒழுங்கு இருந்தது. பால்காரரின் மணியும் வானொலிச் செய்தியும் பொழுதைச் சொல்லின. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாள் தேதியைச் சொன்னது. வழி தவறி நாலு தெரு தாண்டினால், டீக்கடைக்காரர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார். ஆனால் வீட்டுக்குள் பராமரிப்புச் சுமை முழுவதும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. பெரியவரை அறையில் வைத்துப் பூட்டிய வீடுகளும் உண்டு.

இன்று பிள்ளைகள் வெளியூரில். பெற்றோர் அடுக்குமாடிக் குடியிருப்பில். இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அன்று தெரு செய்த வேலையில் ஒரு பங்கை இன்று கருவிகள் செய்கின்றன. மாத்திரைப் பெட்டி வேளை தவறாமல் ஒலிக்கிறது. இரவில் எழுந்தால் கழிவறை வரை விளக்கு தானே எரிகிறது. வாசற்கதவு திறந்தால் மகளின் கைபேசிக்குத் தகவல் போகிறது. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோயில் மோப்பசக்தி முன்கூட்டியே குறையக்கூடும் என்பதால், கேஸ் கசிவை உணர்த்தும் அலாரம் மிக அவசியம்.

ஆனால் மறதி தொடங்கியவருக்குப் புதிதாக ஒன்றைக் கற்பது கடினம். திருகி எரித்த அடுப்பை எடுத்துவிட்டுத் தொடுதிரை அடுப்பை வைத்தால், அம்மா சமைப்பதையே விட்டுவிடலாம். பழைய அடுப்பிலேயே தானாக அணையும் வசதியைப் பொருத்தினால் அவர் கை அறிந்த வேலை அவரிடமே இருக்கும். ஜப்பானின் சோஜிருஷி நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த வெந்நீர்க் கெண்டி இதற்கு நல்ல சான்று. தனியாக வாழும் முதியவர் வழக்கம்போல் தேநீருக்கு வெந்நீர் பிடித்தால் போதும். அந்தத் தகவல் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போய்விடும். அவர் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை.

எனவே கருவி வாங்கும் முன், உங்கள் வீட்டுப் பெரியவருடைய ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை கூடவே இருந்து பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்துக்கு மட்டும் வாங்குங்கள். மறதி லேசாக இருக்கும்போதே, அவரைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு பொருத்துங்கள். கேமராவுக்கு இந்தச் சம்மதம் கட்டாயம். அலாரம் ஒலித்தால் ஐந்து நிமிடத்தில் ஓடிவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் ஏற்பாடு செய்யுங்கள். அப்படி ஓடிவர ஒருவர் இல்லாமல் எந்தக் கருவியும் முழுமையாகாது.