பூசையில் ஒன்று, புதைகுழியில் இரண்டா?

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திற்கு 1623-ம் ஆண்டில் காவி தரித்த இத்தாலியத் துறவி ஒருவர் வந்தார். தத்துவ போதகர் என்று தமிழர் அழைத்த ராபர்ட் தெ நொபிலி அவரே. சேந்தமங்கலத்து இராமச்சந்திர நாயக்கர் அவரை உபசரித்தார். பின்னர் அவர் சேலத்திற்கும் சென்றார். பறங்கியர் ஆசாரத்தைக் களைந்து, மரக்கறி உண்டு, கோயில், குரு, பூசை, வேதம் என்ற நம் சொற்களாலேயே தம் மதத்தைப் போதித்தவர் அவர். கிறிஸ்தவன் ஆவதற்குத் தமிழன் அந்நியனாக வேண்டியதில்லை என்று நானூறாண்டுகளுக்கு முன்பே காட்டிய அவரைத் தேசாபிமானிகள் மறத்தல் தகாது.

ஆயினும் தேசாசாரத்தை ஏற்ற கையோடு சாதியாசாரத்தையும் அவர் ஏற்றார். தாழ்த்தப்பட்டோருக்கெனப் பண்டாரசுவாமிகள் என்ற தனிக் குருமார் 1640-ம் ஆண்டில் ஏற்பட்டனர். அன்று விழுந்த கோடு இன்னும் முற்றும் அழியவில்லை.

சேலம் மேற்றிராசனம் 1930-ல் நிறுவப்பட்டது. சேலம், நாமக்கல் சமவெளிப் பங்குகளின் நித்திய வாழ்வில் பக்திக்குக் குறைவில்லை. விடியலில் கோயில் மணி, அந்தியில் செபமாலை, தவக்காலத்தில் சிலுவைப்பாதை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் லத்தீன் நீங்கிப் பூசையும் தமிழிலேயே நடைபெறுகிறது. அண்டை வீட்டார் முறைவைத்து ஒருவர் இல்லத்தில் கூடிச் செபிக்கும் அன்பியம் என்னும் ஏற்பாட்டை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பீடத்தின் முன் ஒன்றாக முழந்தாளிடுவது எளிது. அடுத்தவன் வீட்டுத் திண்ணையேறி அவன் தரும் நீரைப் பருகுவதன்றோ சோதனை! ஆனால், தெருவே சாதிவாரியாக இருக்குமிடத்தில் தெருவாரியாக அமைந்த அன்பியம் அச்சோதனைக்கே இடமின்றிச் செய்துவிடுகிறது. இதைப் பங்குக் குருமார் கவனிக்க வேண்டும்.

இதனினும் வெட்கக்கேடானது மயானப் பிரிவினை. தமிழ்நாட்டின் பல பங்குகளில் ஒரே பீடத்தில் நன்மை வாங்கியவர்கள் இறந்தபின் வெவ்வேறு கல்லறைகளுக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-லேயே இடிக்கப்பட்டது. அப்பிரிவினையை உரிமையென்று கோரிச் சென்றவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றமும் இடங்கொடுக்கவில்லை. உள்ளே இடிந்த சுவர் மயானத்தில் நிற்பானேன்?

சர்க்காரின் அநீதியும் இதற்குத் துணைநிற்கிறது. 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி, கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டவர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படுவதில்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அத்தடை நீங்கியது. கிறிஸ்தவருக்கு நீங்கவில்லை. சாதியில்லா மதம் என்று சர்க்கார் காரணங்கூறுகிறது. அக்கூற்று பொய்யென்பதற்கு இம்மயானங்களே சாட்சி. சலுகை கோரி டில்லிக்கு விண்ணப்பிக்கும் மேற்றிராணிமார், அச்சாட்சியை அழிக்கும் அதிகாரம் தங்கள் கையிலேயே இருப்பதை அறியாதவரல்லர். நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் ஒவ்வொரு பங்கிலும் பிரித்து நிற்கும் மயானச் சுவரை இடித்து, எல்லோருக்கும் ஒரே வாயில் திறக்க உத்தரவிடுவார்களா?