உஷார்! கொல்லைத் தளத்தை நீட்டப் போகிறீர்களா? ‘சதுர அடி ரேட்’டை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி எங்கள் சமையலறைக்குள் கணுக்கால் நனையத் தண்ணீர் நின்றது. தெருவில் வெள்ளம் கிடையாது. சித்திரையில் நாங்களே காசு கொடுத்து நீட்டிய கொல்லைத் தளம்தான் அத்தனை நீரையும் பின்வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. அதை உடைத்து, இடிபாட்டை வண்டியேற்றி, மறுபடி போட்டு முடிப்பதற்குள் முதலில் செலவானதைவிட அதிகமாகப் போய்விட்டது. துணி துவைக்க, வற்றல் காயவைக்க, பைக் நிறுத்த என்று இருக்கிற சிமெண்ட் தளத்தை இன்னும் பத்தடி இழுக்க நினைப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். அவர்களைக் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

“சதுர அடிக்கு இவ்வளவு” என்பதில் நீளமும் அகலமும் மட்டுமே இருக்கின்றன. காசு போவது கனத்தில். 20 அடிக்கு 15 அடி, அதாவது 300 சதுர அடி என்று வையுங்கள். 4 அங்குலக் கனத்துக்கு 100 கன அடி கான்கிரீட் வேண்டும். 1:1½:3 கலவையில் அது ஏறக்குறைய 23 மூட்டை சிமெண்ட், 42 கன அடி எம்-சாண்ட், 84 கன அடி முக்கால் ஜல்லி. அதே தளத்தை 3 அங்குலத்தில் போட்டால் 17 மூட்டை. கலவையையும் 1:2:4 ஆக இறக்கிவிட்டால் 14 மூட்டைக்குள் வேலை முடிந்துவிடும். மேலே சிமெண்ட் பால் தேய்த்த பிறகு 23 மூட்டைத் தளத்துக்கும் 14 மூட்டைத் தளத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு மேஸ்திரி குறைவாகவும் இன்னொருவர் கூடுதலாகவும் சொல்கிறாரா? இருவரும் ஒரே தளத்துக்குத்தான் விலை சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எங்கள் தளத்தை உடைத்தபோது சில இடங்களில் இரண்டரை அங்குலம்கூட இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

கம்பி உண்டா என்பது இன்னொரு பெரிய கேள்வி. ஆள் நடக்க, துணி துவைக்க மட்டும் என்றால், கீழே மண் கெட்டியாக இருக்கும் இடத்தில் கம்பியில்லாத தளமே தாங்கும். கார் ஏறும் என்றால் கம்பியும் கூடுதல் கனமும் வேண்டும். 8 எம்எம் கம்பியை 8 அங்குல இடைவெளியில் இரண்டு வாக்கிலும் கட்டினால் இந்த 300 சதுர அடிக்கே சுமார் 115 கிலோ பிடிக்கும். ரேட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பலரும் மறந்துபோகிற செலவு தளத்துக்குக் கீழே இருக்கிறது. பழைய தளம் பேஸ்மட்டத்தை ஒட்டி உயரமாக இருக்கும், கொல்லை மண் ஓரடி தாழ்வாக இருக்கும். அந்த ஓரடியை நிரப்ப 300 கன அடி, அதாவது 3 யூனிட் கிராவல் வேண்டும். தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால் அமுங்கும், ஆகவே 4 யூனிட்டை நெருங்கும். மேலே போடும் கான்கிரீட்டோ ஒரே யூனிட்தான்! “ஃபில்லிங் தனி” என்று வேலை பாதியில் இருக்கும்போது சொல்லக் கேட்டு விழிக்காதீர்கள். வீட்டு இடிபாட்டையும் களிமண்ணையும் கொட்டி ஒரே நாளில் மூடுகிறவர்களை அனுமதிக்கவே வேண்டாம். ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு இறுக்காத மண் முதல் மழையிலேயே உட்கார்ந்துவிடும், தளம் அந்தரத்தில் நின்று விரிசல் விடும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கரிசல் பூமியில் இருப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. அந்த மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். அதைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு மண் நிரப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இனி எங்களை நனைத்த விஷயம். தளத்தின் வாட்டம் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும், அடிக்கு கால் அங்குலம் வீதம். 15 அடிக்கு அது கிட்டத்தட்ட 4 அங்குல இறக்கம். எங்கள் கொல்லையில் வேலியோர மண் மேடாக இருந்தது. அதை வெட்டாமல் மேலேயே கலவையைக் கொட்டிவிட்டார்கள், ஓரம் தூக்கி நின்றது. 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 300 சதுர அடியில் விழும் தண்ணீர் 2,800 லிட்டர். முன்பு பெரும்பகுதியை மண் குடித்தது, இப்போது அத்தனையும் ஓடும். எங்கே ஓடும் என்பதைக் கலவை இறங்குவதற்கு முன்னால் ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்துவிடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கான குழியை மூடித் தளம் போடும் வீடுகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. குழியைத் திறந்து வைத்து, தளத்தின் வாட்டத்தை அதை நோக்கியே திருப்பலாமே.

குழி மட்டுமா? செப்டிக் டேங்க் மூடி, சம்பு மூடி, எர்த் குழி எல்லாம் கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடுகின்றன. டேங்க் நிரம்பும் நாளில் புதுத் தளத்தை உடைக்க வேண்டிவரும். டேங்க், சம்பு மூடிப் பலகைகளின் மேல் தளத்தை இழுத்து அதில் காரையும் நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்து. காரைத் தாங்கும்படி கட்டப்படாத பலகைகள் அவை.

பழைய தளத்தோடு புதுசை ஒட்டிப் போட்டால் ஒன்றாகிவிடும் என்று நம்பாதீர்கள். இரண்டும் தனித்தனியாகத்தான் அமுங்கும், தனித்தனியாகத்தான் வெயிலில் விரியும். நடுவிலும் சுவரோரத்திலும் அரை அங்குல இடைவெளி விட்டுத் தார்ப்பலகை வைக்கச் சொல்லுங்கள். 4 அங்குலத் தளத்தில் பத்தடிக்கு ஒரு வெட்டு, ஓர் அங்குல ஆழத்துக்கு, வேண்டும். இல்லாவிட்டால் தளம் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வெடிக்கும்.

கலவை போடும் நாளில் வீட்டில் ஒருவராவது பக்கத்திலேயே நில்லுங்கள். 1:1½:3 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 456. இழுத்துத் தேய்க்கச் சுலபம் என்று ஹோஸைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கே பலம் போயிற்று. பிபிசி சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், 14 நாள் என்றால் நல்லது. “நாலு நாள் நனைச்சா போதும்மா” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கனம், கலவை, கம்பி, ஃபில்லிங், வாட்டம், இடிபாடு அள்ளுவது, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று ஒவ்வொன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. யாராவது பழைய கொட்டேஷனை நீட்டினால் மூட்டை விலையை மறுபடி விசாரியுங்கள். மொத்தத் தொகையில் கடைசிப் பங்கை, தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்த பிறகே கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்று சாயங்காலமே இரண்டு வாளித் தண்ணீரை எடுத்துப்போய், இப்போது இருக்கிற தளத்தின் நடுவில் ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். மேஸ்திரி வரும்போது முதலில் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.