நீர்ப்பை நோவும் மூலிகை மருந்தும்

பொங்கற் காலத்தில் வீட்டு முகப்பில் செருகுகிறோமே சிறுபீளை, அது வெறும் அலங்காரப் பூண்டன்று. சித்த மருத்துவத்தில் அதனையும் நெருஞ்சில் முள்ளையும் கஷாயமாக்கி நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் வழங்குவர். சிறுநீரைப் பெருக்கி எரிச்சலைத் தணிப்பது அவற்றின் பணி என்பது வைத்தியர் கொள்கை.

எங்கள் முசரவாக்கத்தில், தறிக்குழியில் அமர்ந்த நெசவாளி இன்னும் ஒரு சாண் நெய்துவிட்டு எழுவோம் என்று நீரை அடக்குவதைப் பலகாலும் கண்டிருக்கிறேன். கடுப்புக் கண்டால் கஷாயம். தணிந்தால் மீண்டும் தறி. இவ்வாறே ஈராண்டு கழித்த என் உறவினர் ஒருவருக்கு நீர்ப்பையில் கல் இருந்தது பின்னரே தெரிந்தது. பிழை மூலிகையினுடையதன்று, காரணத்தைத் தேடாமையே பிழை. நாட்பட்ட நோவுக்குக் கிருமியோ கல்லோ கட்டியோ காரணமாகலாம். சிலருக்கு இவை யாதுமின்றியும் நோவு நீடிக்கும்.

ஜப்பானியரின் மூலிகை மருத்துவத்துக்குக் காம்போ என்று பெயர். சீனத்திலிருந்து சென்று அங்கே தனியுருப் பெற்றது அது. நீர்க்கடுப்புக்கு அவர்கள் தரும் 'சோரேதோ' என்னும் மருந்தில் இரு காளான்கள், ஒரு கிழங்கு, ஒரு கனிமம், விலங்குப் பசை என ஐந்து சரக்குகள் உண்டு. 1976ஆம் ஆண்டில் காம்போ மருந்துகள் பல அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் இடம்பெற்றன. அவற்றை எழுதித் தருபவர் நவீன மருத்துவம் பயின்ற மருத்துவரே. ஆதலின் நோயைக் கண்டறிதலும் மூலிகை வழங்குதலும் ஒருவர் கையிலேயே கூடுகின்றன. நம் நாட்டிலும் தாம்பரத்தில் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

நீரில் குருதி கண்டாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, நோவு நீடித்தாலோ முதலில் சோதனை, பிறகே மருந்து. நோவு உடல் அனுப்பும் ஓலை. அதனைப் படியாமல் கிழித்தெறியலாகாது.