கணவாய் ஓடும் கடையின் பெயரும்

லவ் பேர்ட்ஸ் விற்கும் வியாபாரிகளிடம் நான் வழமையாகக் கேட்பதுண்டு: கூண்டுடன் கணவாய் ஓடு கொடுக்கிறீர்களா?

நம்மவர்கள் லவ் பேர்ட்ஸ் என்றழைக்கும் பட்ஜரிகர், அவுஸ்திரேலியாவின் வரண்ட நிலப் பறவை. ஜோன் கூல்ட் 1840இல் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். புல் விதையே அதன் இயற்கை உணவு என்பதால் நாம் தினை, சாமை கொடுக்கிறோம். ஆனால், இத்தானியங்களில் கல்சியம் குறைவு. முட்டையிடும் பேட்டுக்குக் கல்சியம் போதாவிட்டால் முட்டை உள்ளே சிக்கி அது இறந்துவிடலாம். அப்போது வாடிக்கையாளர் குறை சொல்வது உங்கள் கடையைத்தான்.

ஆகவே, கூண்டுக் கம்பியில் ஓர் ஓட்டைச் செருகிக் கொடுங்கள். தினமும் சுத்தமான தண்ணீரும் சிறிது கீரையும் வைக்கச் சொல்லுங்கள். அவகாடோ நஞ்சு என்று எச்சரியுங்கள். நன்கு பராமரித்தால் 5 முதல் 10 வருடங்கள் வாழும். அத்தனை வருடமும் தீனிக்கு அவர் உங்களிடமே வருவார்.